வெள்ளைப் பந்தின் நாயகன், சிவப்புப் பந்தின் முதல் ஓவர்: இங்கிலாந்து 2019, ஒரு நிகழ்வு ஆய்வு

2019 கோடையில் இங்கிலாந்து டெஸ்ட் அணி தன் தொடக்க இணைக்காக ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த முடிவு எடுக்கப்பட்ட நாளிலிருந்து கைவிடப்பட்ட நாள் வரை நடந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அப்போது இதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை, ஆனால் பேச்செல்லாம் "அவர் டெஸ்டுக்கு லாயக்கில்லை" என்ற ஒரே வரியில் முடிந்துபோனது. எனக்கு அது அன்றைக்கும் சரியாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. தவறு ஆளிடம் இல்லை, ஆளை வைத்த இடத்தில் இருந்தது என்பது என் கருத்து. அதனால்தான் அந்தக் கோடையில் தொடக்கத்தில் ஆடியவர்களையும் அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும், அது பரவாயில்லை, ஆனால் கவனம் முடிவின் மேல் இருக்கட்டும்.

பின்னணி

ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் 2012 ஆகஸ்டில், 100 டெஸ்ட் ஆடி முடித்து ஓய்வு பெற்றார். அவரும் அலெஸ்டர் குக்கும் சேர்ந்து இங்கிலாந்துக்காக எடுத்த அளவு ரன்களை அந்நாட்டின் வேறெந்தத் தொடக்க இணையும் எடுத்ததில்லை. அப்படி ஒருவர் போன பிறகு காலியான ஒரு முனைக்கு அடுத்த ஆறு வருடத்தில் ஒரு டஜன் பேரைப் போட்டுப் பார்த்தார்கள். காம்ப்டன், ரூட், கார்பெரி, ராப்சன், டிராட், லித், மொயீன் அலி, ஹேல்ஸ், டக்கெட், ஹமீது, ஜென்னிங்ஸ், ஸ்டோன்மேன். இதில் ரூட் 2013-ல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தொடக்கத்தில் இறங்கி 180 எடுத்தவர், ஜென்னிங்ஸ் மும்பையில் அறிமுக டெஸ்டிலேயே சதம் அடித்தவர், ஹமீது 19 வயதில் ராஜ்கோட்டில் 82 எடுத்துப் பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தவர். திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

இத்தனையையும் மூடி மறைத்துக்கொண்டிருந்தது குக்கின் முனை. அந்த முனை உறுதியாக நின்றதால் மறுமுனையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. 2018 செப்டம்பரில் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 71, 147 என்று எடுத்துவிட்டு அவரும் போனார். 161 டெஸ்ட், 12,472 ரன். இப்போது இரண்டு முனையும் காலி.

அந்தக் குளிர்காலத்தில் இலங்கையில் 3-0 என்று வென்றதால் யாருக்கும் பதற்றம் வரவில்லை. சுழற்பந்து ஆடுகளங்களில் தொடக்க ஆட்டக்காரரின் குறை அவ்வளவாக வெளியே தெரியாது. ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனதும் தெரிந்தது. பார்படாஸில் 77 ரன்னில் ஆட்டமிழந்தார்கள், தொடரை 2-1 என்று தோற்றார்கள். அங்கே ஒரே தொடரில் தொடக்க இணையை மாற்றி, பழைய இணைக்கே திரும்பி, இரண்டும் பலிக்காமல் ஊர் திரும்பினார்கள். ஆஸ்திரேலியாவுடனான ஆஷஸ் தொடருக்கு ஆறு மாதம்தான் இருந்தது.

முடிவு எப்படி வந்தது

சர்ரேயின் இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் குக்கின் இடத்தில் வந்திருந்தார். இங்கிலாந்தின் உள்நாட்டு நான்கு நாள் போட்டியான கவுண்ட்டி சாம்பியன்ஷிப்பில் 2018-ல் ஆயிரத்துக்கு மேல் ரன் குவித்தவர், மட்டையைப் பிடித்து நிற்கும் விதம் பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பொறுமைசாலி. அவரை வைத்துக்கொள்வது என்று முடிவானது. அவருக்கு ஜோடி யார் என்பதுதான் கேள்வி.

அந்த நேரத்தில் உலகக் கோப்பை நடந்தது. இங்கிலாந்தின் ஒருநாள் தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் (இனி இவரை ஒருநாள் வீரர் என்றே சொல்கிறேன்) அதில் 443 ரன் எடுத்தார். வங்கதேசத்துக்கு எதிராக கார்டிஃபில் 153. நடுவில் தொடைத்தசைக் காயத்தால் அவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது அணி இலங்கையிடமும் ஆஸ்திரேலியாவிடமும் தோற்றது, திரும்பி வந்ததும் மறுபடி ஜெயித்தது. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க்கையும் கம்மின்ஸையும் அடித்து 65 பந்தில் 85. இவ்வளவையும் கண்ணெதிரே பார்த்த பிறகு "இவரையே டெஸ்டிலும் முதலில் இறக்கினால் என்ன" என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டேவிட் வார்னர் அப்படித்தானே வந்தார், சேவாக் அப்படித்தானே வந்தார் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. கவுண்ட்டியிலிருந்து கொண்டுவந்த நிதானக்காரர்கள் வரிசையாகத் தடுமாறிய பிறகு அதற்கு நேர்மாறான ஒருவரை முயன்று பார்க்கலாம் என்பதிலும் ஒரு நியாயம் இருந்தது. இதைக் கிறுக்குத்தனமான முடிவு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த மேசையில் இருந்திருக்க வேண்டிய ஒரு தகவலுக்கு உரிய எடை கிடைக்கவில்லை. இந்த ஒருநாள் வீரர் தன் கவுண்ட்டிக்காக நான்கு நாள் ஆட்டங்களில் வழக்கமாக ஆடியது மிடில் ஆர்டரில். டெஸ்டிலும் நான்கு நாள் ஆட்டங்களிலும் பயன்படும் சிவப்புப் பந்தில் தொடக்கத்தில் இறங்குவது அவருடைய வேலையாக இருந்ததே இல்லை. சேவாக்கும் மிடில் ஆர்டரிலிருந்து வந்தவர்தான், 2002-ல் லார்ட்ஸில் டெஸ்டில் முதன்முறையாகத் தொடக்கத்தில் இறங்கி 84 எடுத்தார், அது உண்மை. ஆனால் சேவாக் விதிவிலக்கு. விதிவிலக்கைக் காட்டி முடிவெடுத்தால் எந்த முடிவையும் நியாயப்படுத்திவிடலாம்.

இரண்டு பந்து, இரண்டு வேலை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒருநாள் ஆட்டத்தின் வெள்ளை கூக்கபுரா பந்து முதல் சில ஓவர்களுக்கு அப்புறம் பெரும்பாலும் ஸ்விங் ஆகாது. முதல் பத்து ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டே பீல்டர்கள், அதனால் தூக்கி அடித்தால் போகும் இடமெல்லாம் காலி. விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில், ஒருவரோ இருவரோ நிற்பார்கள், அவர்களும் சில ஓவர்களில் கலைந்துவிடுவார்கள். உடம்பிலிருந்து தள்ளி மட்டையை வீசி, விளிம்பில் பட்டால்கூட நான்கு ரன் கிடைக்கும்.

இங்கிலாந்தில் டெஸ்டுக்குப் பயன்படும் டியூக்ஸ் பந்து வேறு மாதிரி. கையால் தைத்தது, தையல் எழும்பி நிற்கும், பளபளப்பு நெடுநேரம் நிற்கும். அதனால் காற்றிலும் வளையும், தரையில் பட்டும் நகரும். மூன்று ஸ்லிப், அவர்களுக்கு அடுத்து ஒரு கல்லி. ஒருநாள் ஆட்டத்தில் நான்கு ரன் தந்த அதே விளிம்பு இங்கே இரண்டாவது ஸ்லிப்பின் கையில் போய் உட்காரும். இங்கே தொடக்க ஆட்டக்காரரின் முதல் திறமை அடிப்பதல்ல, விடுவது. ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது வலையில் இரண்டு வாரத்தில் வராது, வருடக்கணக்கில் புதுப்பந்தைச் சந்தித்தால்தான் வரும்.

இரண்டு வேலைக்கும் "ஓப்பனர்" என்று ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பத்தின் பாதி.

லார்ட்ஸ், ஜூலை 24

உலகக் கோப்பை இறுதிப்போட்டி ஜூலை 14. பத்தே நாளில், அதே லார்ட்ஸில் அயர்லாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட். ஒருநாள் வீரரின் அறிமுக டெஸ்ட். இடைப்பட்ட நாட்களில் கவுண்ட்டிகளில் டி20 தொடர் தொடங்கிவிட்டது. சிவப்புப் பந்தில் ஓர் ஆட்டம் ஆடித் தயாராகலாம் என்று ஆசைப்பட்டிருந்தாலும் ஆட ஆட்டமே இல்லை.

முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன்னாலேயே இங்கிலாந்து 85 ரன்னுக்கு ஆல் அவுட். டிம் முர்டா 13 ரன் கொடுத்து 5 விக்கெட். அவர் வேகப்பந்து வீச்சாளர்கூட இல்லை, மிதவேகம்தான், ஆனால் அந்த மைதானத்தையும் அந்தப் பந்தையும் பல வருடம் பழகியவர். ஒருநாள் வீரர் 5, இடக்கை ஆட்டக்காரர் 6.

அன்று மாலை இரண்டாம் இன்னிங்ஸைத் தொடங்க வேண்டி வந்தபோது நடந்ததை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு ஓவருக்காக, ஒருநாள் வீரரைக் காப்பாற்ற, பதினோராவது ஆளாக ஆடும் சுழற்பந்து வீச்சாளர் ஜாக் லீச்சை நைட் வாட்ச்மேனாக (நாள் முடியும் நேரத்தில் முக்கிய ஆட்டக்காரருக்குப் பதிலாக இறங்குபவர்) தொடக்கத்திலேயே இறக்கினார்கள். மறுநாள் லீச் 92 எடுத்தார். மூன்றாவதாக வந்த ஒருநாள் வீரர் 78 பந்தில் 72. கடைசியில் அயர்லாந்து 38 ரன்னுக்குச் சுருண்டது, இங்கிலாந்து 143 ரன்னில் வென்றது.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மிக முக்கியமான எண் அந்த 72. அதை எல்லோரும் "ஆள் டெஸ்டுக்கு வந்துவிட்டார்" என்று படித்தார்கள். ஆனால் அந்த இன்னிங்ஸில் அவர் தொடக்கத்தில் இறங்கவில்லை! முதல் விக்கெட் விழுந்த பிறகு வந்தார், பந்தின் முதல் கூர்மையை வேறு இருவர் வாங்கிக்கொண்டார்கள். தொடக்கத்தில் இறங்கியபோது 5, கொஞ்சம் பொறுத்து இறங்கியபோது 72 என்று அந்த ஒரே ஆட்டம் பதிலை எழுதிக் கையில் கொடுத்தது. வெற்றி வந்துவிட்டதால் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆஷஸ்: மூன்று டெஸ்ட், ஆறு இன்னிங்ஸ்

எட்ஜ்பாஸ்டனில் இருவரையும் மாற்றாமல் இறக்கினார்கள். இடக்கைக்காரரை நீக்கச் சொல்லி அப்போது நிறையக் குரல்கள் எழுந்தன, அயர்லாந்துக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் ஆறாறு ரன்தானே. அவரை வைத்துக்கொண்டது நல்ல முடிவு என்று இரண்டாம் நாளே தெரிந்தது. அந்த நாள் முழுக்க ஆடினார், ஆட்டம் முடியும்போது 125, மறுநாள் 133-ல் போனார். எத்தனை பந்தில் ஏமாந்தார், எத்தனை விளிம்பு தப்பித்தது என்று கணக்கெடுத்தால் நீளும், ஆனால் ஏமாந்த பந்தை மறந்துவிட்டு அடுத்ததுக்கு நிற்கும் மனசு அவரிடம் இருந்தது. மறுமுனையில் ஒருநாள் வீரர் 10, 28. அந்த 28-க்கு 58 பந்து நிதானமாக ஆடிவிட்டு, திடீரென்று நாதன் லயனை இறங்கி அடிக்கப் போய் ஸ்டம்பைப் பறிகொடுத்தார். நிதானமாக ஆடுவதா, தன் ஆட்டத்தை ஆடுவதா என்று அவருக்கே தெளிவில்லை என்பது அந்த ஒரு பந்தில் தெரிந்தது. ஸ்டீவ் ஸ்மித் இரண்டு சதம் அடித்து அந்த டெஸ்டைக் கொண்டுபோனார், 251 ரன் வித்தியாசம்.

லார்ட்ஸில் ஒருநாள் வீரர் 0, 2. ஹேசல்வுட் ஒருமுறை, கம்மின்ஸ் ஒருமுறை வீழ்த்தினார்கள். ஆட்டம் டிரா.

ஹெடிங்லியில் 9, 8. முதல் இன்னிங்ஸில் ஸ்லிப்பில் கேட்ச், இங்கிலாந்து மொத்தமே 67. இரண்டாவதில் கம்மின்ஸின் நல்ல பந்தில் பவுல்டு, 15 ரன்னுக்கு 2 விக்கெட், தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரும் வெளியே. அங்கிருந்து 359 என்ற இலக்கை ஒரு விக்கெட் மிச்சத்தில் எட்டினார்கள், பென் ஸ்டோக்ஸ் 135 நாட் அவுட். அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டில் யாரும் டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு, தொடர் 1-1 என்று இருக்கும்போது, 15-க்கு 2 என்பது யார் நினைவில் நிற்கும்?

ஆறு இன்னிங்ஸில் மொத்தம் 57 ரன், சராசரி 9.5.

மாற்றம்

ஓல்டு டிராஃபோர்டில்தான் மாற்றினார்கள். நான்காவது இடத்தில் ஆடிக்கொண்டிருந்த கென்ட் வீரரை மேலே கொண்டுபோய், ஒருநாள் வீரரை அந்த இடத்துக்கு இறக்கினார்கள். கென்ட்காரருக்கு அப்போது 33 வயது, பெரிய சதங்கள் இல்லை, ஆனால் ஹெடிங்லியில் அணி 67-ல் சுருண்டபோது இரட்டை இலக்கம் தொட்ட ஒரே ஆள் அவர், இரண்டாம் இன்னிங்ஸில் 50. ஒரு மகத்தான வெற்றிக்குப் பிறகும் வரிசையை மாற்றத் துணிந்தார்கள் என்பதை நான் பாராட்டுகிறேன். வென்ற அணியைக் கலைக்காதே என்ற பழைய பழக்கத்துக்கு அவர்கள் பணியவில்லை. தாமதமான முடிவு, ஆனால் சரியான முடிவு.

கீழே இறங்கிய பிறகு ஒருநாள் வீரர் எடுத்தது 22, 31. இரண்டாம் இன்னிங்ஸில் கம்மின்ஸ் முதல் ஓவரிலேயே அடுத்தடுத்த பந்தில் இரண்டு பேரைத் தூக்கிவிட்டதால், ரன்னே இல்லாமல் இரண்டு விக்கெட் போன நிலையில், ஹாட்ரிக் பந்தைச் சந்திக்க அவர் உள்ளே வர வேண்டியிருந்தது. இடத்தைக் கீழே இறக்கினாலும் புதுப்பந்து அவரைத் தேடி வந்தது. அதிலும் அவர் நின்று ஆடினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். தோல்வி 185 ரன், ஆஷஸ் ஆஸ்திரேலியாவிடமே தங்கியது.

ஓவலில் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். கென்ட்காரர் தொடக்கத்தில் இறங்கி இரண்டாம் இன்னிங்ஸில் 94. இங்கிலாந்து 135 ரன்னில் வென்று தொடரை 2-2 என்று சமன் செய்தது.

கணக்கு என்ன சொல்கிறது

இடக்கைக்காரர் தொடர் முழுக்க 390 ரன். கென்ட்காரர் 312. ஒருநாள் வீரர் 8 இன்னிங்ஸில் 110, அதற்கப்புறம் அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. 5 டெஸ்ட், 187 ரன் என்று அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது.

இத்தோடு நிறுத்தினால் "லாயக்கில்லை" என்பவர்கள் சொன்னது சரி என்றாகும். ஆனால் எதிரணியைப் பாருங்கள். எந்த வார்னரை முன்மாதிரியாகக் காட்டி இவரைக் கொண்டுவந்தார்களோ, அந்த வார்னர் அதே தொடரில் 10 இன்னிங்ஸில் 95 ரன். சராசரி 9.5. இவருடைய தொடக்க ஆட்ட சராசரியேதான், புள்ளி பிசகாமல். ஸ்டுவர்ட் பிராட் மட்டும் வார்னரை ஏழு முறை வீழ்த்தினார். இருபதுக்கு மேல் டெஸ்ட் சதம் வைத்திருந்த, வருடக்கணக்காகத் தொடக்கத்திலேயே ஆடிய ஒருவருக்கே அந்தப் பந்தும் அந்த ஆடுகளங்களும் அப்படி இருந்தபோது, முதல்தர ஆட்டத்தில் அந்த வேலையையே செய்து பழகாத ஒருவரிடம் வேறு என்ன எதிர்பார்த்தோம்?

பிறகு நடந்தவை

நவம்பரில் நியூசிலாந்துக்குப் போன அணியில் வார்விக்‌ஷயரின் தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் இடம்பெற்றார். அந்த வருடம் கவுண்ட்டி சாம்பியன்ஷிப்பில் 1,300-க்கு மேல் ரன் எடுத்தவர், மெதுவாக ஆடுபவர், விடத் தெரிந்தவர். 2020 ஜனவரியில் கேப்டவுனில் 133 நாட் அவுட். 2021 பிப்ரவரியில் நம்ம சேப்பாக்கத்தில் 87 எடுத்து ஒரு முனையைப் பிடித்து நின்றார், ரூட் மறுமுனையில் 218, இந்தியா 227 ரன்னில் தோற்றது. அந்த 87-ஐ இங்கே பலர் சலிப்பான ஆட்டம் என்றார்கள். ரூட்டுக்கு வழி செய்து கொடுத்ததே அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவரும் அந்த வருட ஆகஸ்டில் இடத்தை இழந்தார். டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஷஸின் முதல் பந்திலேயே ஸ்டார்க் நம் இடக்கைக்காரரை பவுல்டு ஆக்கினார், தொடர் 4-0. 17 டெஸ்டில் ஒரே வெற்றி என்ற நிலைக்கு வந்து, 2022 ஏப்ரலில் ரூட் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019-ல் ஒரு ஆளை மாற்றியதால் எதுவும் தீர்ந்துவிடவில்லை.

அதே 2019 அக்டோபரில் இந்தியாவும் ஏறக்குறைய இதே சோதனையைச் செய்தது. ரோகித் சர்மாவை விசாகப்பட்டினத்தில் டெஸ்டில் முதன்முறையாகத் தொடக்கத்தில் இறக்கினார்கள், 176, 127. ஒரே மாதிரி யோசனை, பலன் தலைகீழ். வித்தியாசம் சூழலில் இருந்தது. சொந்த நாட்டு ஆடுகளம், இந்தியாவில் டெஸ்டுக்குப் பயன்படும், சீக்கிரம் பளபளப்பு போகும் எஸ்ஜி பந்து, முதல் மணி நேரம் தாண்டினால் சுழல். அங்கே நம்பிக்கையைச் சேர்த்துக்கொண்டு, ஆட்டத்தை மாற்றிக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து 2021 செப்டம்பரில் ஓவலில் டியூக்ஸ் பந்துக்கு எதிராக 127. அந்தத் தொடரில் அவர் எத்தனை பந்தை விட்டார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைப் பந்து வீரரைச் சிவப்புப் பந்தில் தொடக்கத்துக்குக் கொண்டுவரவே முடியாது என்பதல்ல, எங்கே தொடங்கி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2022 டிசம்பரில் ராவல்பிண்டியில் இங்கிலாந்து முதல் நாளே 4 விக்கெட்டுக்கு 506 எடுத்தபோது தொடக்க இணை மட்டும் 233 சேர்த்தது. அதில் ஒருவர் அந்தப் பழைய டஜன் பேரில் இருந்த பென் டக்கெட், 2016-ல் ஒதுக்கப்பட்டு ஆறு வருடம் கழித்துத் திரும்பியவர். வேகமாக ஆடுபவர்தான், ஆனால் சிவப்புப் பந்தில் தொடக்கத்தில் ஆடிப் பழகியவர்.

மறுபடி நடந்தால் எதை மாற்றலாம்

ஒருநாள் வீரரை அந்தக் கோடையில் எடுத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாவது இடத்தில் எடுத்திருக்கலாம். கென்ட்காரரை முதல் டெஸ்டிலிருந்தே தொடக்கத்தில் இறக்கியிருக்கலாம், ஜனவரியில் அவரை அந்த வேலைக்காகத்தானே முதலில் எடுத்தார்கள், ஒரே ஆட்டத்தோடு ஏன் விட்டார்கள்? லார்ட்ஸ் டெஸ்ட் முடிந்த அன்றே அந்த 72-ஐயும் 5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எட்ஜ்பாஸ்டனுக்கு முன்பே வரிசையை மாற்ற ஐந்து நாள் இருந்தது.

தேர்வுக் குழுவால் மட்டும் மாற்ற முடியாத ஒன்றும் இருக்கிறது. கவுண்ட்டி சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே, செப்டம்பர் என்று இரண்டு ஓரத்துக்கும் தள்ளப்பட்டு, நடுக்கோடையின் பெரும்பகுதி குறைந்த ஓவர் ஆட்டங்களுக்குப் போகிறது. ஏப்ரலின் ஈர ஆடுகளத்தில் மிதவேகப் பந்தே ஆட்டக்காரரைச் சாய்த்துவிடும், கம்மின்ஸ் போன்ற வேகத்தைச் சந்திக்க அது பயிற்சியும் இல்லை. தொடக்க ஆட்டக்காரர் உருவாக வேண்டிய நடுக்கோடையில் சிவப்புப் பந்து பெரும்பாலும் அலமாரியில் இருக்கிறது. ஆகஸ்டில் ஆஷஸ் ஆட ஆள் வேண்டும் என்றால் ஜூலையில் அவர்களுக்கு நான்கு நாள் ஆட்டம் வேண்டும், குறைந்தது இரண்டு ஆட்டமாவது வேண்டும்.

அப்புறம் அந்த இடக்கைக்காரர். எல்லோரும் ஒருநாள் வீரரின் தோல்வியையே பேசிக்கொண்டிருந்ததால் அவர் அதே பந்தில், அதே மூன்று ஸ்லிப்புக்கு எதிராக, 390 ரன் எப்படி எடுத்தார் என்பதை யாரும் உட்கார்ந்து அலசவில்லை. அந்தக் கோடையைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால், எட்ஜ்பாஸ்டன் இரண்டாம் நாளை முழுசாக, ஒரு பந்து விடாமல், மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்வேன்.